படகு ஏறும் வண்டிக்கு பேரிங் முக்கியம்!

காட்டுப்பள்ளி துறைமுகச் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டிரெய்லரில் ஃபைபர் படகு போனால் எல்லோர் கண்ணும் படகு மேல்தான். ஆபத்து இருப்பதோ சக்கரத்துக்குள்!

ஓடி வந்த சக்கரத்தின் ஹப் சூடாக இருக்கும். உள்ளே காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதுவும் உப்புத் தண்ணீர். கிரீஸ் மோர் மாதிரி வெளுக்கும், பேரிங் துருப்பிடிக்கும். ஒருநாள் சக்கரம் இறுகி நிற்கும், இல்லையேல் கழன்று ஓடும். பின்னால் வருவது 40 அடி கன்டெய்னர்!

எண்ணூர், மணலி லாரி மெக்கானிக்குகளுக்கு பேரிங் வேலை தண்ணீர் பட்ட பாடு. ஆனால், லாரி சக்கரம் கடலில் முங்குவதில்லையே? ‘இது தண்ணீரில் இறங்கும் வண்டி’ என்று சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து மரைன் கிரீஸ் வைப்பார்கள். பேரிங்கைக் கழற்றினால் சீலையும் மாற்றிவிடுவது நல்லது. சின்ன ரப்பர் வளையம்தான். அதில் கஞ்சத்தனம் காட்டினால் மொத்த வேலையும் வீண்.

கரைக்கு வந்ததும் ஹப் ஆறட்டும், பிறகு இறக்கலாம். வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்கு மீனவர் படகுகள் தேவைப்பட்டன. கடற்கரையிலிருந்து அவை சாலை வழியாகத்தான் வந்தாக வேண்டும். எனவே, ஐப்பசி மழைக்கு முன்பே ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை ஆட்டிச் சுற்றிப் பாருங்கள். லொடலொடத்தாலோ, கரகரத்தாலோ அன்றைக்குப் பயணம் வேண்டாம்.