வார்ப்பிரும்பு ஒட்டாதாம்!

சொறிக்கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்கிறவர்களிடம் நீர்ப்பம்பு வெடித்துவிட்டதென்று சொல்லிப் பாருங்கள். "அது வார்ப்பிரும்பு, ஒட்டாது. பழைய இரும்புக்குப் போடு" என்பார்கள்.

அவர்கள் காட்டும் சாட்சி ஒரு சத்தம். ஒட்டி முடித்த சற்று நேரத்தில் 'டிக்' என்று கேட்கும். ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதுக் கீறல் ஓடியிருக்கும். சத்தம் மெய்தான், குற்றவாளிதான் வேறு. கேட், கிரில் செய்யும் உருக்கில் கரி கால் சதவீதமும் இராது; வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம். உருகிய இடம் சட்டென்று ஆறினால் அந்தக் கரி பிரிந்து நிற்க நேரமில்லாமல் விளிம்பு கண்ணாடிபோல் இறுகிவிடும். ஒட்டு சுருங்கி இழுக்கும். வளைந்து கொடுக்கத் தெரியாத வார்ப்பு பிளக்கும். கேட்டுக்குப் பாவிக்கிற வெல்டிங் குச்சியையே இதற்கும் பிடித்தால் வேறென்ன நடக்கும்?

வார்ப்பிரும்புக்கு வேண்டியது நிக்கல் குச்சி; அதன் ஒட்டு மென்மையானது. கீறலின் இரு முனையிலும் சிறு துளையிட்டு, ஊறிய எண்ணெயை எரித்துப் போக்கி, கீறலை அகலச் செதுக்கி, ஓர் அங்குலம் மட்டும் ஒட்ட வேண்டும். சூட்டோடு சுத்தியலால் மெல்லத் தட்டி, கைவைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே அடுத்த அங்குலம். இல்லையேல் முழுத் துண்டையும் 600 பாகை செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சி, வார்ப்பிரும்புக் குச்சியாலேயே காஸில் ஒட்டி, சாம்பலுக்குள் புதைத்து ஆறவிடலாம். நெல்லாலைகள் உள்ள ஊரில் உமிச்சாம்பலுக்கா பஞ்சம்?

"ஒட்டினாலும் பாரம் தாங்காது" என்பது அடுத்த பேச்சு. முதலாம் உலகப் போரின்போது, 1917இல், அமெரிக்கத் துறைமுகங்களில் நின்ற ஜெர்மன் கப்பல்கள் பறிமுதலாகும் முன், அவற்றின் மாலுமிகளே வார்ப்பிரும்பு நீராவிச் சிலிண்டர்களை உடைத்துப்போட்டார்கள். பல சிலிண்டர்களை அமெரிக்கக் கடற்படை மின்சாரத்தால் ஒட்டியது. சில மாதங்களில் அந்தக் கப்பல்கள் படையினரை ஏற்றி அத்திலாந்திக்கைக் கடந்தன. பம்பு எந்த மூலைக்கு?

நிக்கல் குச்சி விலைதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய எஞ்சினுக்கு உதிரிப்பாகமே கிடைக்காதபோது விலையைப் பேசிப் பயனில்லை. பித்தளை ஒட்டும் இருக்கிறது. சுமார் 900 பாகையில் முடியும், வார்ப்பு உருகவே வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒட்டலாமென்று சொல்ல வரவில்லை. புகை போகும் பக்கத்தில் பல வருடம் வெந்த வார்ப்பு ஒட்டுப் பிடிப்பது அரிது. பிரேக் சம்பந்தப்பட்டதைத் தொடவே கூடாது. வெடித்த தாச்சியையும் விட்டுவிடுங்கள்.

ஒட்டக் கொடுக்கும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: என்ன குச்சி? எப்படி ஆறவிடுவீர்கள்? "தண்ணி ஊத்தினா ஆறிடும்" என்று பதில் வந்தால், பம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.