உயிர் பிழைத்தது போதாதா?

"உயிர் பிழைச்சு வந்தீங்களே, அது போதாதா?" மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி, வயிற்றில் பையோடு வாழ்கிறவர்களிடம் எல்லோரும் சொல்லும் வசனம் இது. ஆறு வருடமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போதாது என்பதுதான் என் பதில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புற்று இருக்கும் பகுதியை வெட்டி எடுத்தபின், மீதிக் குடலின் முனையை வயிற்றின் மேல் ஒரு வாய் போல வைத்துத் தைப்பார்கள். அதுதான் ஸ்டோமா. உதட்டின் உட்புறம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. ஆனால் மலத்தை அடக்க முடியாது. அதனால்தான் பை. சிலருக்குச் சில மாதங்கள், எனக்கு ஆயுள் முழுவதும்.

பையின் மேல் எனக்குக் கோபமில்லை. அதை ஒட்டிவிட்டு, ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அதன் மேல்தான் கோபம். ஆபரேஷனுக்கு முன்பே நோயாளியை உட்காரவும் நிற்கவும் வைத்து, வேட்டிக் கட்டோ புடவைக் கொசுவமோ வராத, சதை மடியாத இடத்தைப் பார்த்துப் பேனாவால் குறிக்க வேண்டும். இடம் தவறினால் பை ஒட்டாது, கசியும், தோல் புண்ணாகும். பையின் ஓட்டையை ஸ்டோமாவைவிட 2, 3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்ட வேண்டும். முதல் 6 முதல் 8 வாரங்களில் ஸ்டோமா சுருங்கும் என்பதால் அவ்வப்போது அளக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும். இவ்வளவுதான் பாடம். டிஸ்சார்ஜ் அன்று என் கையில் கொடுத்த காகிதக் கட்டில் பில் இருந்தது, இது இல்லை.

டாக்டர்களுக்கு நேரம் ஏது என்பார்கள். டாக்டர் வேண்டாம், பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் போதும். இதற்கென்றே நர்சுகளுக்குப் படிப்பு இருக்கிறது. படித்தவர்களை வேலைக்கு வைக்கத்தான் மனமில்லை.

அடுத்தது வீட்டார். "வெளியே சொல்லாதீங்க" என்பார்கள். நாற்றம் வருமோ என்ற பயத்தில் கல்யாணம், காதுகுத்து எல்லாம் நின்றுபோகும். கணவன் மனைவி தனித்தனி அறைக்குப் போய்விடுவார்கள். சரியாக ஒட்டிய பையிலிருந்து நாற்றம் வெளியே வராது. வயிற்றுப் புண் ஆறிய மனிதரை மூலையில் உட்காரவைப்பது நோயல்ல, நாம்தான். பேருந்து நிலையக் கழிப்பறையில் தண்ணீரும், பையை மாட்ட ஒரு கொக்கியும் இருந்தால் பாதிப் பேர் ஊருக்குப் போய்வருவார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இடத்தை முன்கூட்டியே குறிப்பீர்களா? பை மாற்ற யார் சொல்லிக்கொடுப்பார்கள்? ஏற்கெனவே பையோடு வாழும் ஒருவரைப் பார்த்துப் பேச ஏற்பாடு செய்வீர்களா? பதில் வரும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.