தடை மட்டும் காட்டைக் காக்காது

வெப்பமண்டலக் காடுகளில் வேட்டையை முற்றாகத் தடை செய்தாலன்றி விலங்குகள் பிழைக்கமாட்டா என வாதிடுவோர், மரங்கள் நிற்க விலங்குகள் மட்டும் மறைந்துபோகும் நிலையைக் குறிக்க 1992இல் கென்ட் ரெட்ஃபோர்ட் முன்வைத்த 'வெற்றுக்காடு' என்னும் கருத்தைத் தம் சான்றாகக் காட்டுகின்றனர். அவரது எச்சரிக்கை மெய்யானது. அதிலிருந்து இவர்கள் பெறும் முடிவு பிழையானது. எவரும் நுழைந்து எதையும் சுடலாம் என்னும் நிலையும் நகரச் சந்தையின் இறைச்சித் தேவையும் சேர்ந்தே காட்டை வெறுமையாக்குகின்றன. காட்டின்மீது சட்ட உரிமையற்ற ஊராரால் வெளியாரைத் தடுக்க இயலாது.

உரிமை பெற்ற ஊரார் காட்டை எவ்வாறு பேணலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. பெரு நாட்டின் அமேசான் பகுதியில் 1991இல் உருவான தம்ஷியாக்கு-தவாயோ சமூகக் காப்பகத்தில், ஆற்றங்கரை மக்கள் ஆய்வாளர்களின் துணையுடன் வேட்டைக் கணக்கைப் பதிவுசெய்தனர். விரைவாகப் பெருகும் பெக்கரி என்னும் பன்றியொத்த விலங்கு அளவான வேட்டையைத் தாங்கும் என்பதும், ஏறத்தாழ 13 மாதம் கருச்சுமந்து ஒரே குட்டி ஈனும் டேபிர் என்னும் விலங்கும் மெதுவாக இனம்பெருக்கும் பெரிய வகைக் குரங்குகளும் அதைத் தாங்கா என்பதும் அத்தகைய கணக்கினால்தான் தெளிவாகின்றன. முழுத்தடையோ இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை. காட்டைக் கண்காணிக்கக்கூடியவர்களையே குற்றவாளிகளாக்கி, காட்டிறைச்சியை நம்பிய குடும்பங்களின் உணவையும் பறிக்கிறது.

உரிமை மட்டும் போதாது, கணக்கும் வரம்பும் உடன்வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் உரிமை இல்லாத இடத்தில் அவ்விரண்டையும் பேணுவதற்கு எவருமில்லை.