மரத்தடியைப் பெருக்காதீர்கள்

ஓர் இலைகூடக் கீழே கிடக்காத தோட்டம்தான் நன்றாகப் பராமரிக்கப்படும் தோட்டம் என்று நம் ஊர்களில் உறுதியாக நம்புகிறார்கள். தனி வீடோ அடுக்குமாடிக் குடியிருப்போ, விடிந்ததும் மாமரத்தடியிலிருந்து மதில் சுவர் வரை வழித்துப் பெருக்கி, சருகை ஒரு மூலையில் குவித்துத் தீ வைக்கிறார்கள். இல்லையென்றால் கறுப்புப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றுகிறார்கள். இதைச் சுத்தம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மரத்தின் சாப்பாட்டைப் பிடுங்கி எரிக்கும் வேலை இது.

ஆண்டுக்கணக்கில் பெருக்கப்பட்ட மரத்தடியைக் குனிந்து பாருங்கள். ஈர்க்குமாறு சருகோடு நிற்பதில்லை. மேலாக இருக்கும் பொடிமண்ணையும் தினமும் கொஞ்சம் வாரிப்போகிறது. வேர்கள் புடைத்து வெளியே தெரியும். வெயிலில் காய்ந்து, காலடி பட்டு இறுகிய தரையில் மண்வெட்டி இறங்காது. ஐப்பசி மழையும் இறங்காது. கலங்கலாகக் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வீட்டுக்கு வீடு குழாயும் குழியும் அமைத்தோம். மொட்டைமாடித் தண்ணீருக்கு அத்தனை ஏற்பாடு செய்துவிட்டு, வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில் விழும் மழையைத் துரத்திக்கொண்டிருக்கிறோம்.

யாரும் கை வைக்காத மூலையில் நிற்கும் புங்க மரத்தடிக்கு வாருங்கள். சருகை விலக்கினால் மேலே மொறுமொறுப்பு, ஒரு விரற்கடை கீழே ஈரம். அதற்கும் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள், வெள்ளை நூலாகப் பூஞ்சை, மண்புழு தள்ளிய குருணைக் கழிவு. மண்புழுக்கள் இலையை வளைக்குள் இழுத்துப்போகும் விதத்தை வீட்டில் தொட்டியில் வளர்த்தே கவனித்த சார்லஸ் டார்வின், அவற்றைப் பற்றி மட்டுமே 1881-இல் ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டார். கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று நம் மண் பரிசோதனை நிலையங்கள் எழுதிக் கொடுக்கின்றன. அந்தக் கரிமத்தைத்தான் நாம் தினமும் கொளுத்துகிறோம்.

சாம்பலும் உரம்தானே என்பார்கள். சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் மிஞ்சும், உண்மை. ஆனால் கரிமமும் தழைச்சத்தில் பெரும்பகுதியும் புகையோடு போய்விடும். சாம்பலோ காரத்தன்மை கொண்டது. கட்டட இடிபாடும் சிமெண்ட் கலவையும் புதைந்த மனைகளில் மண் ஏற்கெனவே காரமாகத்தான் இருக்கும். மேலும் சாம்பலைக் கொட்டினால் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக நிற்க, தளிர் மஞ்சளாக வெளுக்கும். உடனே மண்புழு உர மூட்டைக்குக் காசு கொடுக்கிறோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடைசெய்து 5,000 ரூபாய் அபராதம் குறித்தது 2016 டிசம்பரில். புகை இன்னும் ஓயவில்லை.

பாம்பு, தேள் பயம் நியாயமானது. நடைபாதையையும் சுவரை ஒட்டிய நாலைந்து அடியையும் வெறுமையாக வைத்துக்கொள்ளுங்கள். பாம்பை அழைத்து வருவது எலி. எலியை அழைப்பது கொட்டிய சோறும் அடுக்கிவைத்த பழைய செங்கல்லும். டெங்கு கொசு முட்டையிடுவது சிரட்டையிலும் டயரிலும் தொட்டித் தட்டிலும் தேங்கும் தண்ணீரில். கோலம் போடும் வாசலைத் தாராளமாகப் பெருக்குங்கள். மரத்தடியில் மட்டும், அடிமரத்தை விட்டு ஒரு சாண் தள்ளி, இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குச் சருகு மூடாக்காகக் கிடக்கட்டும். மிஞ்சியதைக் குழியில் போட்டுச் சாணிக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறிவிட்டால் சில மாதங்களில் எரு.

தோட்டத் தொழிலாளியைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு சருகு கண்ணில் பட்டாலும் அவரைத்தான் கூப்பிட்டுத் திட்டுகிறோம். மரத்தடியைத் தொட வேண்டாம் என்று குடியிருப்போர் சங்கம் அவரிடம் சொல்லட்டும். எருக்குழி வெட்டவும் மூடாக்குப் போடவும் அவருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.