தாங்கும் புல்லும் தாங்காத மாடும்

பச்சையாகத் தெரிவதெல்லாம் தீவனம் ஆகிவிடாது. மாடு வளர்க்கும் எவருக்கும் தெரிந்த இவ்வுண்மைக்கு விஞ்ஞான விளக்கம் காண அமெரிக்காவுக்கு 34 ஆண்டுகள் பிடித்தன. அத்தாமதத்தின் விலையை மாடுகளும் அவற்றை வளர்த்தோருமே கொடுத்தனர். இன்றும் கொடுத்து வருகின்றனர்.

1931ஆம் ஆண்டு கென்ரக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈ. என். பேர்கஸ், குளிர்காலத்திலும் பசுமை குன்றாததெனப் பேசப்பட்ட ஒரு புல்லை வில்லியம் சூட்டர் என்பவரின் மலைச்சரிவுப் பண்ணையில் கண்டார். அது ஐரோப்பாவிலிருந்து வந்த டோல் பெஸ்கியூ என்னும் குளிர்பருவப் புல். பரிசோதனைகளின் பின், 1943இல் 'கென்ரக்கி 31' என்ற பெயரில் அது விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது.

அதன் பெருமைகள் பொய்யல்ல. வளமற்ற புளிப்பு மண்ணில் வளரும், சரிவுகளில் மண்ணரிப்பைத் தடுக்கும், வரட்சியையும் குளம்பு மிதியையும் தாங்கும், உலர்புல்லாகவும் சேமிக்கலாம். இன்று ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஏக்கர் நிலத்தை அது மூடியிருக்கிறது.

ஆனால் அதை மேய்ந்த மாடுகளுக்கு நேர்ந்தது என்ன? கோடையில் உடற்சூடு ஏறி, மூச்சிரைத்து, குளத்துக்குள் இறங்கி நின்றன. உதிரவேண்டிய உரோமம் உதிரவில்லை. எடை கூடவில்லை, சினைபிடிப்பது குறைந்தது. குளிர்காலத்தில் இரத்தக் குழாய்கள் சுருங்கியதால் சில மாடுகளின் குளம்பும் வால்நுனியும் அழுகின. சினைக் குதிரைகள் நாள் கடந்து ஈன்றன. ஈன்றபின் மடியில் பால் இல்லை. 1949இலேயே, இப்புல் மேய்ந்த மாடுகள் நொண்டுவது பற்றிய குறிப்பொன்று கால்நடை வைத்திய சஞ்சிகையில் வெளியாகியிருந்தது. விதைப்பு நிற்கவில்லை. ஆய்வுகூடப் பகுப்பாய்வு புல்லைச் சத்துள்ளதென்று காட்டியது; மாடோ மெலிந்தது. இரண்டில் எதை நம்பியிருக்கவேண்டும்?

1977இல்தான் விடை கிடைத்தது. புல்லின் உள்ளே, வெளியில் எந்த அடையாளமும் காட்டாமல் ஒரு பங்கசு வாழ்கிறது. விதை வழியாகவே பரவுகிறது. அது உண்டாக்கும் எர்கோவலின் முதலிய நச்சுப் பொருட்களே மாட்டை வதைக்கின்றன. புல்லுக்குப் பூச்சியையும் வரட்சியையும் எதிர்க்கும் வலிமையைத் தந்ததும் அதே பங்கசுதான். 'தாங்கும் புல்' என்ற புகழும் மாட்டின் துன்பமும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை.

உடனே பங்கசு நீக்கிய விதையை விற்றார்கள். மாடு தேறியது, பல இடங்களில் புல் அழிந்தது. பின்னர், புல்லைக் காத்து மாட்டை நஞ்சூட்டாத வேறு பங்கசு வகையைக் கொண்ட விதை 2000ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்தது. தீர்வு கையில் இருக்கிறது. எனினும் பழைய கென்ரக்கி 31 விதை இன்றும் மலிவாக விற்பனையாகிறது.

"அப்புல் இல்லாவிடில் மண்ணே மிஞ்சியிராது" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். பழைய புல்லை அழித்து மீண்டும் விதைப்பதற்குப் பணமும், ஒரு பருவ மேய்ச்சலின் இழப்பும் வேண்டும் என்பதும் உண்மையே. குளோவர் கலந்து விதைத்தும், நஞ்சு மிகும் கதிர்களை வெட்டியும் சமாளிக்கும் விவசாயியை நான் குறைகூறவில்லை. என் வழக்கு விற்பவரோடும் பரிந்துரைப்பவரோடும்தான். விதைப் பையில் பங்கசு உண்டா, உண்டெனில் எவ்வகை என்று விவசாயிக்குப் புரியும்படி அச்சிடுங்கள். மேய்ச்சலுக்கென விற்கும் விதைக்கு மேய்ந்த விலங்கின் எடையும் சினையும் பாலும் சாட்சி சொல்லட்டும்.

இதில் என் தொழிலுக்கும் பங்குண்டு. எத்தனை ஏக்கரில் விதைக்கப்பட்டது என்ற அறிக்கைகளை நானும் பல ஆண்டுகள் செய்தியாக்கியிருக்கிறேன். அந்த நிலத்தில் மேய்ந்தவை எப்படி இருந்தன என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை. 'தாங்கும்' என்று எவரேனும் எதையேனும் புகழ்ந்தால், அதன் பாரத்தைத் தாங்கப்போவது யார் என்று கேட்பதே பத்திரிகையாளனின் முதல் கடமை. அதைக் கற்பிக்க ஒரு புல் வேண்டியிருந்தது.