மூணு டொமைன், ஒரே சர்வர்!

டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒரு டொமைன். பழைய மாணவர் சங்கத்துக்கு ஒண்ணு. நீங்களும் நண்பர்களும் சேர்ந்து ஆரம்பிச்ச குட்டிக் கம்பெனிக்கு இன்னொண்ணு. மூணுக்கும் மெயில் வேணும். கையில் இருப்பதோ ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். ‘எந்த மெயில் சாஃப்ட்வேர் மச்சி பெஸ்ட்?’னு ஹாஸ்டலில் கேட்டால் ஆளுக்கு ஒரு பேர் சொல்வாங்க. பேரை விடுங்க. மூணே மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு: மூணு டொமைனிலும் ‘இன்ஃபோ’ன்னு ஒரு முகவரி இருந்தால், மூணுக்கும் தனித்தனிப் பெட்டி கிடைக்குமா? பழைய யூனிக்ஸ் பாணியில், சர்வரில் லாகின் உள்ளவருக்குத்தான் பெட்டி. டொமைன் வேறானாலும் ‘இன்ஃபோ’ ஒரே ஆள்தான். சங்கத்துக்கு வந்த மெயில் கம்பெனிக்காரர் கையில் கிடைச்சா எப்படி இருக்கும்? வீட்ஸே வெனிமா எழுதி 1998-ல் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஹேசல் 1995-ல் தொடங்கிய எக்ஸிம், ரெண்டிலுமே லாகின் இல்லாமல் டொமைன்வாரியாகப் பெட்டி பிரிக்கலாம்.

ரெண்டு: வந்த மெயிலைப் படிப்பது எப்படி? மேலே சொன்ன ரெண்டும் தபால்காரர் மாதிரி. வாங்கும், அனுப்பும், அவ்வளவுதான். மொபைலில் திறந்து படிக்க டவ்காட் மாதிரி ஒரு ஐமேப் சர்வரும் வேணும். எல்லாத்தையும் சேர்த்து, நிர்வாகப் பக்கத்தோடு தர்ற மெயில்கவ், ஐரெட்மெயில் போன்ற தொகுப்புகளும் இருக்கு.

மூணு: மெயில் போய்ச் சேருமா? எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூணையும் ஒவ்வொரு டொமைனுக்கும் தனித்தனியா டி.என்.எஸ்.ஸில் போடணும். ஜிமெயிலுக்கு அனுப்புகிற யாராக இருந்தாலும் முதல் ரெண்டில் ஒண்ணாவது வேணும்னு 2024 பிப்ரவரியில் கூகுள் கட்டாயமாக்கியது. தினம் 5,000-க்கு மேல் அனுப்பினால் மூணுமே வேணும். பல கிளவுட் நிறுவனங்கள் 25-ம் போர்ட்டை மூடி வெச்சிருப்பாங்க. காசு கட்டும் முன்னாடியே கேட்டுடுங்க.

எல்லாம் சரி, ஃபேர்வெல் முடிஞ்சு நீங்க கிளம்பின பிறகு சர்வரை யார் பார்த்துக்குவாங்க? அப்டேட் போடாம விட்டா, ஸ்பாம் அனுப்புறவன் உள்ளே குடியேறிடுவான். வேலை இருக்குன்னு ஒரு சீனியர் அனுப்பின மெயில் யார் கண்ணிலும் படாமலே போகும். அதனால உங்களுக்குப் பிடிச்சதை விட, உங்க ஜூனியருக்குப் புரியறதைத் தேர்ந்தெடுங்க. செட்டிங் எல்லாத்தையும் எழுதி வெச்சு, செகண்ட் இயரில் ரெண்டு பேருக்குச் சொல்லிக் கொடுங்க. அப்படி யாரும் சிக்கலையா? கூச்சப்படாம ஒரு மெயில் ஹோஸ்டிங் சேவையிடம் கொடுத்துடுங்க!