எழுபது ஆண்டு நம்பிக்கை

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் திருப்பூரில் பல சபைகளில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஆளுக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். வரும் ஆண்டு முழுவதற்கும் கர்த்தர் தனக்கென்று கொடுத்த வார்த்தை அது என்று எடுத்தவர் நம்புவார். சிலர் வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள். சிலர் பவர்டேபிள் மெஷின் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்கள். எரேமியா 29-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனம் கிடைத்தவருக்கு அன்று தனி மகிழ்ச்சி. கடவுள் உங்களைக் குறித்து நல்லதையே நினைத்திருக்கிறார், எதிர்காலம் உண்டு என்று ஆறுதல் சொல்லும் வசனம் அது.

அந்த வசனத்தை நானும் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் அதற்கு முந்தைய வசனம் எந்த அட்டையிலும் அச்சாகி நான் பார்த்ததில்லை. அந்த நன்மை வந்து சேர 70 ஆண்டுகள் ஆகும் என்கிறது அந்த 10-ஆம் வசனம்.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்கு எழுதுவது என் வேலை. பூர்விகம் சாத்தான்குளம் பக்கம். பிழைக்க வந்து இங்கேயே குடும்பமாகிவிட்டவர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வாடகை வீட்டில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி வேதம் வாசிக்கிறோம். கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் டெய்லர், செக்கிங்கில் இருக்கும் அக்காமார் என்று எல்லோரும் கம்பெனி வேலைக்காரர்கள். இவர்களோடு உட்கார்ந்து வாசித்ததில் எனக்கு உறுதிப்பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேதத்தில் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவரின் நம்பிக்கை, அந்த வரி சொன்னபடி நடக்காத அன்றே ஆட்டம் கண்டுவிடுகிறது. முழு வேதத்தையும் பொறுமையாக வாசிப்பவரின் நம்பிக்கை நிற்கிறது. அதோடு, அது அவரைச் சும்மா உட்காரவும் விடுவதில்லை.

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து அரசனையும் கைவினைஞர்களையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். அப்படிப் போனவர்களுக்கு, எருசலேமில் இருந்த எரேமியா எழுதி அனுப்பியது அது. கடிதத்துக்கு முந்தைய 28-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அதன் கனம் தெரியும். அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே ஆண்டில் பாபிலோனின் நுகம் முறியும், போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று ஆலயத்தில் எல்லோருக்கும் முன்பாக அறிவிக்கிறார். கேட்க இனிமையான செய்தி. ஆனால் கடவுள் அவரை அனுப்பவில்லை என்று வேதம் வெளிப்படையாகச் சொல்கிறது. எரேமியா சொன்ன 70 ஆண்டுகளை யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் பாபிலோன் மண்ணிலேயே கண்மூட வேண்டும் என்பதல்லவா அதன் பொருள்?

திருப்பூரும் இரண்டு ஆண்டுச் செய்திகளுக்கு ஏங்கும் ஊர்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஏங்கியது. 2020 ஊரடங்கில் ரயில் நிலையம் வெறிச்சோடியபோது ஏங்கியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்து ஆர்டர்கள் நின்றபோதும் ஏங்கியது. ஒவ்வொரு முறையும் ஜெபக் கூட்டங்களில், அடுத்த மாதமே எல்லாம் மாறிவிடும் என்று யாராவது உறுதி கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அடுத்த மாதமும் ஒன்றரை ஷிப்ட் அரை ஷிப்டாகவே இருந்தால், வாடகை கொடுக்க முடியாத டெய்லர் யாரைக் குறை சொல்வார்? தன் விசுவாசம் போதவில்லை என்று தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார். ஏற்கெனவே பாரம் சுமப்பவர் தலையில் இன்னொரு பாரம் ஏறுகிறது. அனனியாவின் செய்தி இன்றும் மனிதர்களைக் காயப்படுத்துவது இப்படித்தான்.

எங்கள் வாசிப்பில் ஒரு நாள் 88-ஆம் சங்கீதம் வந்தது. கணவரை இழந்து சில மாதங்களே ஆகியிருந்த ஓர் அக்காவின் முறை. பேபி ஃபிராக்கில் வெட்டி மிஞ்சிய பூப்போட்ட துணியில் தானே தைத்த உறை போட்ட வேதாகமம் அவருடையது. பக்க அடையாளத்துக்கு ஓவர்லாக் நூலைப் பின்னிச் செருகியிருப்பார். நிதானமாக வாசித்துக்கொண்டே போனார். புலம்பலில் தொடங்கும் சங்கீதங்களில் பெரும்பாலானவை துதியில் முடியும். 88-ஆம் சங்கீதம் அப்படி முடிவதில்லை. சிநேகிதர்கள் விலகிப் போனதையும் இருளையும் சொல்லி அங்கேயே நின்றுவிடும். அவர் நிமிர்ந்து, "ஏன் தம்பி, இப்படியும் வேதத்துல எழுதியிருக்கா?" என்று கேட்டார். இருக்கு அக்கா என்றேன். "அப்ப நான் ராத்திரி அழுது பேசுறதும் ஜெபந்தான்" என்றார்.

அவருக்கு அதுவரை எத்தனையோ பேர் ஆறுதல் வசனம் அனுப்பியிருந்தார்கள். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. தளர்ந்த நேரத்தில் ஒரு வசனம் ஊன்றுகோலாக நிற்கும், நானே அனுபவித்திருக்கிறேன். ஆனால் தன் இருட்டையும் தெரிந்த புத்தகம் இது என்று அவர் அன்று கண்டுகொண்டது, யாரும் அட்டையில் அச்சிடாத ஒரு சங்கீதத்தில். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் பவுல், நாம் நம்பிக்கை உள்ளவர்களாகும்படிதான் முன்னோர் காலத்தில் வேதம் எழுதப்பட்டது என்கிறார். அந்த நம்பிக்கை எந்த வழியாக வரும் என்பதற்கு அவர் ஆறுதலை மட்டும் சொல்லவில்லை. பொறுமையையும் சேர்த்தே சொல்கிறார். பொறுமையை விட்டுவிட்டு ஆறுதலை மட்டும் எடுத்துக்கொண்டால் பவுல் சொன்னதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டோம்.

இந்தப் புத்தகம் தமிழில் நம் கைக்கு வந்த வரலாறும் பொறுமையின் வரலாறுதான். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்க் தமிழ் கற்று, 1708-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-இல் முடித்தார். அச்சிட ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை. அவற்றைக் கோத்தால் இருக்கும் காகிதம் போதாது. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம்வரை வந்திருந்த நிலையில், 1719-இல் 36 வயதில் சீகன்பால்க் இறந்துபோனார். மீதியை முடித்து 1728-இல் அச்சேற்றியவர் பெஞ்சமின் சூல்ட்ஸ். தான் முடிக்க முடியாத வேலையை இன்னொருவர் தொடர்வார் என்று நம்பிச் செய்வதுதான் நம்பிக்கை. சீகன்பால்க் தன் வாழ்நாளுக்குள் பலனைக் கண்டே தீர வேண்டும் என்று நினைத்திருந்தால் தமிழில் வேதம் வர இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ!

அப்படியானால் 70 ஆண்டுகளும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டுமா? எரேமியாவின் கடிதம் அதற்கு நேர்மாறானது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு, நீங்கள் வாழப்போன அந்த நகரத்தின் நன்மைக்காக உழையுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்கிறது. சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களின் நகரத்துக்காக! நாமோ பிழைக்க வந்த ஊரைச் சொந்த ஊராக எண்ணுவதே இல்லை. நொய்யல் ஆறு நாறினால் நமக்கென்ன, தெருவில் குப்பை தேங்கினால் நமக்கென்ன, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகப்போகிறோமே என்று இருந்துவிடுகிறோம். வாக்குத்தத்தத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு அதே கடிதத்தின் கட்டளையை மறந்து வாழ்வது சரியல்ல.

இதைவிட என்னை உறுத்துவது சனிக்கிழமைதான். திருப்பூரில் வாரச் சம்பளம் அன்றைக்குத்தான். கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகிறவர்கள் நேராக மளிகைக் கடைக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். பில் பாஸ் ஆகவில்லை என்று சம்பளம் தள்ளிப்போகும் வாரத்தில் அந்தக் கடைப்பக்கமே போகாமல் அடுத்த சந்து வழியாகச் சுற்றிப் போவார்கள். உபாகமம் 24-ஆம் அதிகாரம் இதை நேரடியாகப் பேசுகிறது. ஏழைக் கூலிக்காரருக்குப் பொழுது சாயும் முன் கூலி கொடுத்துவிட வேண்டும், அவர் உன் சொந்த இனத்தாராக இருந்தாலும் சரி, உன் ஊரில் குடியிருக்கும் அந்நியராக இருந்தாலும் சரி என்கிறது. யாக்கோபின் நிருபம் 5-ஆம் அதிகாரமோ, பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அது கடவுளின் காதில் விழுந்துவிட்டது என்கிறது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, வேறு மொழியில் வேதாகமம் வைத்திருக்கும் பிள்ளைகள் நம் கம்பெனிகளில் இருக்கிறார்கள். சம்பளம் தாமதமானால் யாரிடம் கேட்பது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. விசுவாசியான ஒரு முதலாளி அல்லது காண்ட்ராக்டர் இந்த இரண்டு அதிகாரங்களையும் வாசித்திருந்தால், அவருடைய சனிக்கிழமை வேறு மாதிரி இருக்க வேண்டும்.

எரேமியா தான் சொன்னதைத் தானே செய்தும் காட்டினார். எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகையிட்டிருக்க, அவரோ காவலில் இருக்க, ஆனதோத்தில் உள்ள ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளி கொடுத்து முறைப்படி பத்திரம் எழுதி வாங்கினார். நெடுநாள் கெடாமல் இருக்கப் பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். நாடே பறிபோகும் நேரத்தில் பணம் போட்டு நிலம் வாங்கியவரின் நம்பிக்கையை வெறும் ஆசை என்று யாரும் தள்ள முடியாது.

சபைத் தலைவர்களுக்கும் போதகர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். இந்த ஆண்டும் அட்டை கொடுங்கள். அதை எதிர்பார்த்து வரும் எளிய மக்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். அதன் பின்பக்கத்தில் அந்த வசனம் வரும் புத்தகத்தை முழுதாக வாசித்து முடிக்க ஓர் அட்டவணை அச்சிடுங்கள். ஜனவரியில் எரேமியாவைத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு அதிகாரம் போதும், அதன் 52 அதிகாரங்களும் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட ஆள் ஏற்பாடு செய்யுங்கள். கம்பெனி நடத்தும் விசுவாசிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் வேத வாசிப்பைப் பொழுது சாயும் முன் கொடுக்கும் சம்பளத்தில் இந்த ஊர் பார்க்கட்டும்.